லால்பாகும் நம் கொல்லையும்

தமிழ்நாட்டை விட்டு வெளிமாநிலத்தில் குடியேறிய குடும்பங்களின் சமையலறையில் அடிக்கடி தலைகாட்டும் காய் ஒன்று உண்டு. கூட்டுக்கு ஏற்றது, சாம்பாருக்கும் இணங்குவது. நம் வீடுகளில் அதற்குப் பெங்களூர்க் கத்தரிக்காய் என்று பெயர். சௌசௌ என்றும் வழங்குவர். அது கத்தரி இனத்தைச் சேர்ந்ததன்று. சுரை, பீர்க்கு, பூசணி ஆகியவற்றின் குடும்பத்தில் பிறந்த கொடி. பெங்களூரில் தோன்றியதும் அன்று. அதன் தாயகம் மெக்ஸிகோவும் அதனை அடுத்த மத்திய அமெரிக்கப் பகுதியுமாகும். கன்னட மக்கள் அதனைச் சீமைக் கத்தரிக்காய் என்னும் பொருள்பட ‘சீமெ பதனெகாய்’ என்பர். தெலுங்கரோ நம்மைப் போலவே பெங்களூரின் பெயரைச் சொல்லி அழைக்கின்றனர். ஒவ்வொரு மொழியினரும் தங்களுக்கு அந்தக் காய் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தின் பெயரையே அதற்குச் சூட்டியிருக்கின்றனர். கடல் கடந்து பெங்களூருக்கு வந்தது. பெங்களூரிலிருந்து மலையிறங்கி நம்மிடம் வந்தது. இவ்வளவு வரலாறும் ஒரு காயின் பெயரில் அடங்கிக் கிடக்கிறது.

வெளியூரில் வீட்டுத் தோட்டம் போட முற்படும் நம்மவர் பலரும் ஒரே குறையைச் சொல்வர். விதை கிடைக்கிறது, மண் கிடைக்கிறது, தொட்டியும் கிடைக்கிறது. அருகிருந்து சொல்லித் தருவார்தாம் கிடைப்பதில்லை. பிறந்த ஊரில் பாட்டி இருந்தார், வயலறிந்த பெரியப்பா இருந்தார், அடுத்த வீட்டு அக்காள் முருங்கைப் போத்து ஒன்றை வெட்டிக் கொடுத்து அதை எவ்வளவு ஆழம் நடவேண்டும் என்றும் சொன்னார். மொழியும் பருவமும் மாறிய ஊரில் அந்தத் துணை அறுந்துபோகிறது. ஆகவே, தோட்டக் கல்வி என்பது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு எவ்வாறு சென்று சேர்கிறது என்ற கேள்வி நமக்கு வெறும் பொழுதுபோக்குக் கேள்வியன்று. பெங்களூர் லால்பாகின் 260 ஆண்டுக் கதை அந்தக் கேள்விக்கு நல்ல விடை தருகிறது. அதனையே இங்கே சொல்லப் புகுகிறேன்.

லால்பாகைத் தொடங்கியவர் ஹைதர் அலி. ஆண்டு 1760. தொடக்கத்தில் அதன் பரப்பு ஏறக்குறைய 40 ஏக்கர். வடக்கே ஸீராவில் முகலாய ஆட்சியாளர் அமைத்திருந்த தோட்டமே அதற்கு முன்மாதிரி என்பர். நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பகுத்து, நடுவே நடைபாதைகள் விட்டு, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு செடி என்பது அந்த முறை. ஹைதருக்குப்பின் அவர் மகன் திப்பு சுல்தான் பாரசீகம், காபூல், மொரீஷியஸ் போன்ற தொலை நாடுகளிலிருந்து விதைகளையும் கன்றுகளையும் வரவழைத்து அதனை வளர்த்தார். அரசர்களின் இன்பத்துக்கென அமைந்த தோட்டந்தான். ஆயினும் அங்கே ரோஜா மட்டுமா இருந்தது? 1800 ஆம் ஆண்டு மே மாதத்தில், ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து ஓராண்டு கழிந்த நிலையில், பிரான்ஸிஸ் புக்கானன் என்னும் மருத்துவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆணைப்படி மைசூர் நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தார். பெங்களூரில் அவர் கண்ட அரச தோட்டங்களில் பாதையோரம் ஸைப்ரஸ் மரங்கள் நின்றன. குறுக்குப் பாதைகளின்மேல் திராட்சைக் கொடி படர்ந்திருந்தது. ஒரு பாத்தி முழுவதும் ரோஜா, மற்றொன்று முழுவதும் மாதுளை. அவற்றினூடே சமையலுக்கான கீரை காய்களும் இருந்தன. ஆப்பிளும் பீச்சும் அங்குக் காய்த்தன என்றும், நன்னம்பிக்கை முனையிலிருந்து அண்மையில் வந்த ஓக், பைன் கன்றுகள் தழைக்கத் தொடங்கியிருந்தன என்றும் அவர் குறித்திருக்கிறார்.

அந்தச் செடிகளுக்கெல்லாம் தண்ணீர் இறைத்தவர் யார்? மைசூர் மேட்டுநிலத்தில் ஆற்றுப் பாசனம் அரிது. ஏரியும் கிணறுமே கதி. கிணற்றிலிருந்து மாடு பூட்டித் தோல் சாலில் நீர் இறைப்பதை நாம் கவலை என்றும் கபிலை என்றும் சொல்கிறோம். கன்னடத்திலும் அது ‘கபிலெ’தான். சொல் ஒன்றாயிருப்பது தற்செயலன்று. பெங்களூரைச் சூழ்ந்த நிலங்களில் கீரையும் காயும் மலரும் பயிர் செய்தவர்களுள் தலையாயவர் திகளர் எனப்படும் தோட்டக்காரக் குடியினர். திகளர் என்பதே கன்னட மக்கள் தமிழரைக் குறிக்க ஆண்ட பழஞ்சொல். மலைக்குக் கீழே தமிழ் நிலத்திலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் ஏறிச் சென்ற அவர்கள், வீட்டில் தமிழை விடாமல் காத்தனர். அத்தமிழில் கன்னடமும் தெலுங்கும் கலந்து, இன்று அது தனி வழக்காகவே ஆகிவிட்டது. பெங்களூர் நகரத்துத் தர்மராயர் கோயிலில் சித்திரைப் பௌர்ணமியில் நடைபெறும் கரகத் திருவிழா அவர்களுடையது. லால்பாகின் முதல் தோட்டக்காரர்கள் அவர்கள் முன்னோரே என்பது அக்குடியினர் வழிவழிச் சொல்லிவரும் செய்தி. நம்முள் வெளிமாநிலத்தில் வாழ்வோர், நமக்கு முன்னே சென்றவர்கள் அலுவலகப் பணிக்கும் வாணிகத்துக்குமே சென்றனர் என்று எண்ணிவிடுகிறோம். களைக்கொட்டும் மண்வெட்டியும் ஏந்திச் சென்றவரும் உளர்.

1799 இல் திப்பு வீழ்ந்தபின் லால்பாகுக்கு நிலையான உடையவர் இல்லாமற் போயினர். சிறிது காலம் கம்பெனியின் தாவர நூலறிஞர் பெஞ்சமின் ஹேன் அதனைக் கவனித்தார். பிறகு வா என்னும் இராணுவ அதிகாரியிடம் இருந்தது. 1819 இல் அவர் அதைக் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்தார். கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் மேற்பார்வையில் சில ஆண்டுகள் கழிந்தன. 1831 இல் மைசூர் ஆட்சியை ஆங்கிலேயர் தம் கையில் எடுத்துக்கொண்டபோது தோட்டமும் அவர்களிடம் சேர்ந்தது. இந்த முப்பதாண்டுக் கதை அவ்வளவு சுவையானதன்று.

அடுத்து நடந்தது கவனிக்கத் தக்கது. அந்நாளில் இந்திய நகரங்களில் வேளாண்மை தோட்டக்கலைச் சங்கங்கள் நிறுவும் வழக்கம் பரவிக்கொண்டிருந்தது. கல்கத்தாவில் பாதிரியார் வில்லியம் கேரி 1820 இல் அத்தகைய சங்கத்தைத் தொடங்கினார். சென்னையில் 1835 இல் ஒன்று தோன்றியது. அடுத்த ஆண்டே பெங்களூரிலும் ஒன்று எழுந்தது. மன்றோ என்னும் இராணுவ அதிகாரி அதன் உயிர்நாடியாக இருந்தார். ஆணையர் மார்க் கப்பன் லால்பாகையே அச்சங்கத்திடம் ஒப்படைத்தார். விதை வரவழைப்பதும் பரிசு கொடுப்பதுமாகச் சில ஆண்டுகள் நடந்து, 1842 இல் சங்கம் கலைந்துவிட்டது. பாளையத்து அதிகாரிகளை நம்பிய சங்கம், அவர்கள் வேற்றூருக்கு மாற்றப்பட்டதும் தளர்வது இயல்பே. சந்தா கட்டுவோர் இருக்கும்வரைதான் அத்தகைய சங்கத்தின் அறிவும் இருக்கும். கல்கத்தாச் சங்கமும் சென்னைச் சங்கமும் இன்றளவும் நிலைத்திருக்க, பெங்களூர்ச் சங்கம் ஆறாண்டில் அணைந்தது. அங்குள்ள கிணற்றடித் தோட்டக்காரர்களோ எவருக்கும் சந்தா கட்டவில்லை. எங்கும் மாற்றலாகவும் இல்லை. அவர்கள் கீரைப் பாத்திகள் சந்தைக்குப் பயன் தந்துகொண்டே இருந்தன.

1856 இல் லால்பாக் அரசுத் தாவரத் தோட்டமாயிற்று. சென்னை மாகாணத்துக் காடுகளின் பாதுகாவலரான ஹியூ கிளெக்ஹார்ன் அவ்வாறு பரிந்துரைத்தார். லண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் நியூ 1858 இல் வந்து பொறுப்பேற்றார். இடையில் கியூவிலிருந்தே வந்த ஆலன் பிளாக் நலங்குன்றி 1865 இல் இறந்தார். நியூ மீண்டும் வந்து 1873 இல் தாம் இறக்கும்வரை பணி செய்தார். 1874 இல் வந்தவர் ஜான் காமெரான். அவர் வந்தபோது 45 ஏக்கராக இருந்த தோட்டம் 1894 இல் 188 ஏக்கராக விரிந்தது. அந்த விரிவில்தான், கெம்பேகௌடரின் காவற் கோபுரம் நிற்கும் பெரும்பாறையும் தோட்டத்துள் வந்தது. அப்பாறையின் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டு என்பர். அதனோடு ஒப்பிட்டால் ஹைதரும் காமெரானும் நாமும் ஒரே நாளில் பிறந்தவர்கள்தாம்.

காமெரான் காலத்து லால்பாகை ஒரு பெரிய சோதனைக் கொல்லை எனலாம். வெளிநாட்டிலிருந்து வரும் விதையை முதலில் நாற்றங்காலில் இடுவர். முளைத்ததைத் தொட்டிக்கு மாற்றி நிழலில் வைப்பர். பிறகு சிறிது சிறிதாக வெயிலுக்குக் காட்டுவர். இரண்டு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்தபின்தான் அது இந்த மண்ணுக்கு ஏற்றதா என்று முடிவு சொல்வர். இதற்கு ஆங்கில அறிக்கைகளில் நீண்டதொரு கலைச்சொல் வரும். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு அச்சொல்லைத் தமிழாக்குவதில் நெடுநாள் இடர்ப்பாடு இருந்தது. ‘தட்பவெப்பத்திற்கு இயைவித்தல்’ என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். நம் தோட்டக்காரர் அதையே ‘செடி பிடித்துக்கொண்டது’ என்று இரண்டு சொற்களில் முடித்துவிடுகிறார். அகராதியில் நான் தேடியதும் அவர் வாயில் இருந்ததும் ஒன்றே என்று உணர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

அவ்வாறு பிடித்துக்கொண்டவற்றுள் ஒன்றுதான் சௌசௌ. அதனை லால்பாகில் அறிமுகப்படுத்தியவர் காமெரான் என்பர். லால்பாகிலிருந்து அது நாடெங்கும் பரவியதற்கு அரசாணை எதுவும் வேண்டியிருக்கவில்லை. அக்காயின் இயல்பே காரணம். மற்றக் காய்களில் விதையைப் பிரித்தெடுத்து உலர்த்திப் பொட்டலம் கட்டவேண்டும். சௌசௌவில் உள்ளது ஒரே விதை. அது காய்க்குள் இருந்தபடியே முளைவிடும். உலர்த்தினால் கெட்டுப்போகும். ஆதலால் காய்தான் விதை, விதைதான் காய். சந்தையில் வாங்கிய காயைச் சமைக்க மறந்து கூடையில் வைத்துவிட்டால், சில வாரங்களில் அதன் அகன்ற முனையிலிருந்து முளை எட்டிப் பார்க்கும். பெங்களூரில் உண்டவர் ஊருக்குத் திரும்பும்போது நான்கு காய்களைப் பையில் போட்டுக்கொண்டால் போதும், பயிரே உடன்சென்றுவிடும்.

பயிரிடும் முறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நன்கு முற்றி முளைவிட்ட காயைத் தேர்ந்துகொள்க. முழங்கை அளவு நீள அகல ஆழமுள்ள குழி எடுத்து, மேல்மண்ணோடு மட்கிய தொழு உரத்தைச் சரிபாதி கலந்து நிரப்புக. காயைப் படுக்கவைத்து, முளை மேல்நோக்கிச் சாய்ந்திருக்குமாறு மூன்றில் இரண்டு பங்கு மண்ணுள் புதைத்து, ஒரு பங்கை வெளியே விடவேண்டும். முழுவதும் புதைத்தால் அழுகுவதுண்டு. தண்ணீர் தேங்கலாகாது, மண் காயவும் கூடாது. பந்தல் வலுவாக இருக்கட்டும். அவரைப் பந்தல் என்று எண்ணிச் சுள்ளியால் கட்டியவர்கள் காய்க்கும் பருவத்தில் பந்தலோடு கொடியும் தரையில் கிடக்கக் கண்டு வருந்துவர். நட்டு நான்கைந்து மாதத்தில் காய்க்கத் தொடங்கும். ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் பூப்பதால், ஒரு கொடி இருந்தாலும் தேனீ வந்தால் காய்க்கும். பூச்சி மருந்து தெளித்துத் தேனீயை விரட்டியபின் காயில்லை என்று கொடியை நொந்து பயனில்லை. இக்கொடிக்கு மிதமான குளிர்ச்சி வேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கும் பெங்களூர் அதற்குச் சொர்க்கம். தில்லியின் வைகாசி வெயிலில் அது கருகிவிடும். அங்கே இதற்கென உழைப்பது வீண்.

1889 நவம்பர் 30 ஆம் நாள் ஆங்கில இளவரசர் ஆல்பர்ட் விக்டர் லால்பாகில் கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டினார். லண்டன் பளிங்கு மாளிகையை நினைவூட்டும் அந்த இரும்புக் கட்டடம் மலர்க் காட்சிக்கென்றே எழுந்தது. தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பதற்கும் காட்சியில் பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு. தோட்டத்தில் நாம் மரத்தைக் காண்கிறோம். காட்சியிலோ, நம்மைப்போல் ஒருவர் தம் வீட்டு முற்றத்தில் வளர்த்த தொட்டியைக் காண்கிறோம். ‘இது நம்மாலும் ஆகும்’ என்ற எண்ணம் அப்போதுதான் பிறக்கிறது.

அவ்வெண்ணத்தை முறைப்படுத்தியவர் ஜி. எச். க்ரும்பீகல் என்னும் ஜெர்மானியர். டிரெஸ்டன் நகரை அடுத்த ஊரில் பிறந்து, கியூவில் பணியாற்றி, 1893 இல் பரோடா மன்னரின் தோட்டங்களைக் கவனிக்க வந்தவர்; 1908 இல் லால்பாகுக்கு வந்தார். பெங்களூரின் வீதிகளில் ஒரு மரம் பூத்து ஓயும்போது மற்றொன்று பூக்கத் தொடங்குமாறு அமைத்த திட்டம் அவருடையது என்பது ஊரறிந்த செய்தி. என் கருத்தில் அவரது பெருந்தொண்டு அதுவன்று. 1912 இல் அவர் முன்னின்று மைசூர்த் தோட்டக்கலைச் சங்கத்தை உருவாக்கினார். 1842 இல் அணைந்த விளக்கு எழுபதாண்டு கழித்து மீண்டும் ஏற்றப்பட்டது. இம்முறை அது அணையவில்லை. குடியரசு நாளை ஒட்டியும் விடுதலை நாளை ஒட்டியும் லால்பாகில் நடைபெறும் மலர்க் காட்சிகளை அரசின் தோட்டக்கலைத் துறையும் அச்சங்கமும் சேர்ந்தே நடத்துகின்றன. காட்சியையொட்டி வீட்டுத் தோட்டங்களுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் போட்டி உண்டு. நடுவர்கள் வீடு வீடாகச் சென்று பார்ப்பர்.

இங்கே ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. எந்த நகரத்து மலர்க் காட்சியாயினும், தொட்டியின்மேல் செருகிய அட்டையில் பெரும்பாலும் தோட்டத்துக்கு உடையவர் பெயரையே காண்கிறோம். விடியற்காலையில் பூவாளி ஏந்தியவர் பெயரைக் காண்பது அரிது. லால்பாக் வரலாற்றை எழுதும்போதும் இதே இடர் நேர்கிறது. நியூ வந்த ஆண்டு தெரிகிறது, பிளாக் இறந்த ஆண்டு தெரிகிறது, காமெரான் எத்தனை ஏக்கர் சேர்த்தார் என்பது தெரிகிறது. அந்த ஏக்கர்களைக் கொத்தியவர் ஒருவரின் பெயரைக்கூட நான் எழுத இயலவில்லை. கியூவிலிருந்து வந்தவர்களுக்கு இந்த மண் எப்போது ஈரம் தாங்கும், எந்த மாதத்தில் எறும்பு ஏறும் என்று யாரேனும் சொல்லியிருக்கத்தானே வேண்டும்? தோட்டக் கல்வி மேலிருந்து கீழே மட்டும் ஒழுகவில்லை.

தோட்டக் கல்வி புத்தகமாக வந்த வரலாறும் இதனோடு பின்னிக் கிடக்கிறது. வங்காளத்தில் இருந்த பாதிரியார் ஃபர்மிங்கர் எழுதிய தோட்டக்கலைக் கையேடு ஆங்கிலேயர் வீடுதோறும் இருந்த நூல். அதைப் பிற்காலத்தில் திருத்திப் பதிப்பித்தவர் நம் காமெரானே. ஆயினும் அது சமவெளியில் வாழ்ந்த துரைமார்களின் பங்களாத் தோட்டத்தை மனத்திற்கொண்டு எழுந்த நூல். பெங்களூரில் வாழ்ந்த கே. எஸ். கோபாலசுவாமி ஐயங்கார் 1935 இல் வெளியிட்ட ‘கம்ப்ளீட் கார்டனிங் இன் இந்தியா’ இந்நாட்டவர் ஒருவர் இந்நாட்டுத் தோட்டத்துக்கென்றே எழுதியது. அதன் பிற்பதிப்புகள் பல வந்தன. லால்பாகிலும் அக்காலத்தே ஆட்சி மாறியது. 1932 இல் க்ரும்பீகல் ஓய்வுபெற, எச். சி. ஜவராயர் பொறுப்பேற்றார்.

பின்வந்தவருள் எம். எச். மரிகௌடா தனித்துக் குறிப்பிடத் தக்கவர். கியூவிலும் அமெரிக்க நாட்டு ஹார்வர்டிலும் பயின்று வந்த அவர், லால்பாகின் வேலிக்கு வெளியே இருந்த உழவரையே பெரிதும் எண்ணினார். நல்ல ஒட்டுக்கன்று சிற்றூர் உழவனுக்கு எட்டவேண்டும் என்று மாநிலமெங்கும் நாற்றுப்பண்ணைகளை நிறுவினார். 1959 இல் பெங்களூர்ப் பகுதித் திராட்சை பயிரிடுவோரின் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. இன்று ஹாப்காம்ஸ் என்ற பெயரில் பெங்களூர் வீதிமுனைகளில் காய்கனி விற்கும் நிலையங்கள் அதன் வழிவந்தவையே. 1963 இல் மைசூர் மாநிலத்தில் தோட்டக்கலைக்குத் தனித் துறை ஏற்பட்டபோது மரிகௌடா அதன் இயக்குநரானார். அரசர் இன்பத்துக்கென்று தொடங்கிய தோட்டம் உழவர் மக்களின் பள்ளியானதற்கு இரண்டு நூற்றாண்டு பிடித்தது. இன்றும் லால்பாகில் உழவர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உதவித்தொகையுடன் பத்து மாதத் தோட்டக்கலைப் பயிற்சி தரப்படுகிறது. பதியம் போடுதல், மொட்டு ஒட்டுதல், நாற்றங்கால் அமைத்தல் ஆகியவற்றைக் கையால் செய்தே கற்கின்றனர்.

பெங்களூரில் வாழும் நேயர்களுக்கு வேறு வாய்ப்புகளும் உள. நகருக்கு வடமேற்கே ஹெஸரகட்டாவில் 1967 முதல் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. ‘அர்க்கா’ என்ற அடைமொழியோடு கடைகளில் கிடைக்கும் விதைகள் அங்கே உருவானவை. அர்க்காவதி ஆற்றின் பெயரே அவற்றுக்கு இடப்பட்டது. தில்லியில் இருப்போருக்குப் பூசா உண்டு. பீகாரில் பூசா என்னும் ஊரில் இருந்த வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1934 ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் சிதைந்ததால் 1936 இல் தில்லிக்கு இடம்பெயர்ந்தது. ஊர்ப் பெயரும் உடன் வந்துவிட்டது. நம்மைப் போலவே அதுவும் குடிபெயர்ந்ததே. இளவேனில் தொடக்கத்தில் அங்கு நடைபெறும் உழவர் திருவிழாவில் காய்கறி விதைகள் விற்கின்றனர். ஐயங்களையும் அங்கே கேட்டுத் தெளியலாம். எந்த மாநிலத்தில் இருந்தாலும் உழவர்க்கு உதவும் வேளாண் அறிவியல் நிலையம் அண்மையில் இருக்கக்கூடும். நாட்டின் முதல் நிலையம் 1974 இல் புதுச்சேரியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆதரவில் தொடங்கியது. இன்று நாடெங்கும் எழுநூற்றுக்கு மேற்பட்டவை உள்ளன. பெயர் கண்டு அஞ்சவேண்டா. வீட்டுத் தோட்டம் போடுவோரும் சென்று கேட்கலாம்.

அங்கே சென்றால் முதலில் கேட்கவேண்டியது பருவத்தைப் பற்றி. நம்மவர் செய்யும் பெரும்பிழை, ஊர்ப் பஞ்சாங்கத்தை வெளியூருக்குக் கொண்டுசெல்வதே. நமக்கு ஆடிப்பட்டம் பெரிது. தில்லியில் ஆடி மழையில் வெண்டையும் சுரையும் வரலாம். ஆனால் அங்கே தலையாய பட்டம் ஐப்பசியில் தொடங்குகிறது. நம் ஊரில் அடைமழை பெய்யும் அம்மாதத்தில் அங்கு வானம் தெளிந்து, வெயில் தணிந்து, கொத்தமல்லிக்கும் வெந்தயத்துக்கும் முள்ளங்கிக்கும் காரட்டுக்கும் மிக ஏற்ற காலமாக இருக்கும். கொத்தமல்லி விதையை முழுதாக விதைக்காமல், பலகையில் வைத்து மெல்லத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, ஓரிரவு ஊறவைத்து விதைத்தல் நலம். மாசி பிற்பகுதியில் வெண்டையும் பாகலும் கொத்தவரையும் போடலாம். கல்கத்தாவில் இருப்போர்க்குப் பருவத்தைவிடப் பள்ளமே பகை. பாத்தியை ஒரு சாண் உயர்த்தி அமைக்காவிட்டால் மழைக்காலத்தில் வேர் அழுகும். பம்பாயில் நான்கு மாதப் பெருமழைக்குத் தொட்டியின் அடித்துளை அடைபடாதிருக்க வேண்டும். துளையின்மேல் ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து, அதன்மேல் சிறு கல்லும் மணலும் பரப்பி, பிறகே மண்ணிடுக.

கறிவேப்பிலையைச் சொல்லாமல் விட்டால் இல்லத்தரசியர் என்னை மன்னியார். வடநாட்டில் அதை வளர்த்து ஏமாந்தோர் பலர். மார்கழியில் இலை பழுத்து உதிரும். செடி செத்துவிட்டது என்று பிடுங்கி எறிவர். அது சாவதில்லை, உறங்குகிறது. குளிர் நாளில் தண்ணீரைக் குறைத்து, தொட்டியைச் சுவரோரம் வெயில் படும் இடத்தில் வைத்தால் போதும். மாசியில் நுனிகளைக் கிள்ளிவிட்டு, மட்கிய எருவைச் சிறிது இட்டால் பங்குனியில் துளிர்க்கும். புளித்த மோரை நீர் கலந்து ஊற்றுவது நம் பாட்டிமார் வழக்கம். குளிர்காலத்தில் அதைத் தவிர்க்க. விதையிலிருந்து வளர்ப்பதாயின், கறுத்துப் பழுத்த பழத்தின் தசையை நீக்கி உடனே விதைக்கவேண்டும். வைத்திருந்த விதை முளைப்பதில்லை. அதனினும் எளியது வேர்க்கன்று. முதிர்ந்த மரத்தடியில் பக்கவேரிலிருந்து எழும் கன்றை, மழைக்காலத்தில் வேரோடு வெட்டி எடுக்கலாம். அதற்கு மரம் உள்ள வீட்டுக்காரரைத் தேடிச் சென்று கேட்கவேண்டும். அவர் தமிழரல்லாதவராகவும் இருக்கலாம். கேட்கத் தயங்காதீர்கள், போகும்போது முளைவிட்ட சௌசௌ ஒன்று கையில் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்.